வேர்ட்டில் இருப்பதை அப்படியே பக்கத்தில் ஒட்டலாமா?

கேள்வி — 2024 பெப்ரவரி 4

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆண்டு மலர் வேலை இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. 96 பக்கம். கட்டுரைகள் எல்லாம் வேர்ட்டில் வந்திருக்கின்றன, படங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் கொப்பி பண்ணி ஒட்டினால் பாதி ஆங்கில எழுத்தாக வருகிறது. மீதியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. "எழுத்துருவை மாற்றினால் சரி, ஒட்டினால் போதும், பிளேஸ் எல்லாம் வீண் வேலை" என்று இங்கே ஒரு தம்பி சொல்கிறார். உண்மையா?

பதில் — பெப்ரவரி 4, இரவு

உண்மையில்லை ரீச்சர். உங்களிடம் இருப்பது இரண்டு வெவ்வேறு பிரச்சினை.

ஆங்கில எழுத்தாக வருவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரை. பாமினி உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான். எம் விசையில் அ, காற்புள்ளி விசையில் இ, அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி என்று மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. இன்டிசைனில் வெளியிலிருந்து ஒட்டும்போது வெறும் எழுத்தை மட்டும் எடுக்கும்படிதான் அமைப்பு முதலில் இருக்கும். எழுத்துரு கழன்றுவிடும், அடியில் இருந்த ஆங்கிலம் வெளியே தெரியும்.

கொம்பு பின்னால் நிற்பது யுனிகோட் கட்டுரை, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்தக் குறியீடு உள்ள முறை. அதில் எழுத்து சரியாகத்தான் வந்திருக்கிறது, வரியை அடுக்கும் பகுதிக்குத்தான் தமிழ் தெரியவில்லை. பத்திப் பாணியைத் திறந்து ஜஸ்டிபிகேஷன் என்ற பக்கத்தில் கொம்போசர் எது என்று பாருங்கள். வேர்ல்ட்-ரெடி பரகிராஃப் கொம்போசர் என்று மாற்றினால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். தமிழ் உட்பட இந்திய மொழி எழுத்துகளுக்கு இந்த வசதி 2012 இல் வந்த சிஎஸ்6 இலிருந்து முறையாக இருக்கிறது. பந்தி பந்தியாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், பாணியில் ஒரு தடவை மாற்றினால் 96 பக்கத்துக்கும் போகும்.

ஒட்டுவதை விட்டுவிட்டு, ஃபைல் பட்டியலில் இருக்கும் பிளேஸ் மூலம் கோப்பையே உள்ளே எடுங்கள். கோப்பைத் தெரிவு செய்யும் பெட்டியில் "ஷோ இம்போர்ட் ஒப்ஷன்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் சரி போட்டால் வேர்ட்டிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்கும். பாணிகளை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் எழுத்தாக எடுத்து, உங்கள் பாணியைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் படங்களையும் எடுக்க வேண்டாம் என்று விடுங்கள். படத்துக்கு வேறு வழி சொல்கிறேன்.

பெப்ரவரி 5

படம். வேர்ட்டில் இருக்கும் படத்தை வலது சொடுக்கில் கொப்பி பண்ணி ஒட்டினால் பல நேரம் திரைக்குப் போதுமான தரத்தில்தான் வரும். பக்கத்தில் உள்ள படங்களின் கோப்புகளைக் காட்டும் லிங்க்ஸ் பட்டியலிலும் அதற்குக் கோப்பு இருக்காது.

டொக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு சிப் பொதி. ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் இருப்பதை சிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். வேர்ட் என்று ஒரு கோப்புறை, அதற்குள் மீடியா என்று இன்னொன்று. கட்டுரையில் போட்ட படங்கள் எல்லாம் அங்கே தனித்தனிக் கோப்பாக இருக்கும். வேர்ட்டுக்குள் ஓரம் வெட்டியிருந்தால்கூட, சுருக்கிச் சேமிக்காதவரை முழுப்படம் அங்கே கிடைக்கும். ஒரு விளையாட்டுப் போட்டிப் படத்தில் வெட்டுப்பட்ட ஓரத்தில் நின்ற நடுவரை நான் அப்படித்தான் திரும்ப எடுத்தேன்.

பெப்ரவரி 5, மாலை

திருத்தம். மேலே சொன்னது டொக்எக்ஸுக்கு மட்டும். பழைய டொக் கோப்பில் நடக்காது, வேர்ட்டில் திறந்து டொக்எக்ஸாகச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

பெப்ரவரி 9

முதல் நாள் எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதை நம்பி யாரும் வேலையைத் தொடங்கியிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பாணிகளை எல்லாம் நீக்கி வெறும் எழுத்தாக எடுங்கள் என்றேன். யுனிகோட் கட்டுரைக்கு அது சரி. பாமினிக் கட்டுரையில் நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது நாசம். வேர்ட்டில் "இது பாமினி, இது டைம்ஸ்" என்று பிரித்துக் காட்டுவது எழுத்துரு ஒன்றுதான். அதை நீக்கிவிட்டால் எல்லாம் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் கட்டுரையில் வந்த ஆங்கிலப் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழாக மாறி வரும். விஞ்ஞானக் கட்டுரையில் தாவரப் பெயர்கள் முழுக்க இப்படிப் போய், ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்த எனக்கு இரண்டு இரவு போனது.

சரியான வரிசை இதுதான். வேர்ட்டிலேயே தேடல் பெட்டியில் எழுத்துரு பாமினி என்று கொடுத்து, அந்தப் பகுதிகளை மட்டும் யுனிகோடாக மாற்றுங்கள். ஆங்கிலப் பகுதியைத் தொடாதீர்கள். ஒரு தடவை முழுக்க வாசியுங்கள். அதன் பிறகுதான் இன்டிசைன். அப்போது பாணியை நீக்கினாலும் ஒன்றும் கெடாது, தமிழ் தமிழாகவும் ஆங்கிலம் ஆங்கிலமாகவும் நிற்கும்.

பெப்ரவரி 10

வாசியுங்கள் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன், எதைத் தேட வேண்டும் என்று சொல்லவில்லை.

வேர்ட் வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜி விசை ப, பெரிய ஜி விசை பு. ஆகவே வசனத்தின் தொடக்கத்தில் "பள்ளிக்கூடம்" என்று அடித்தால் "புள்ளிக்கூடம்" ஆகிவிடும். "கல்வி" என்றால் "குல்வி". "மக்கள்" என்றால் "முக்கள்". "அவர்" என்றால் "ஆவர்". "உலகம்" என்றால் "ஊலகம்". இ தப்பும், காற்புள்ளிக்குப் பெரிய எழுத்து இல்லையே.

மற்றதெல்லாம் கண்ணில் படும். "ஆவர்" படாது, அதுவும் ஒரு தமிழ்ச் சொல். அதனால் பாமினிக் கட்டுரைகளில் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் அடுத்த சொல்லை நான் தனியாகப் பார்க்கிறேன்.

பெப்ரவரி 17

கௌ.

இதைப் பற்றிக் கேட்டது வவுனியாவில் இருந்து ஒருவர். மாணவர் பட்டியலை அகர வரிசையில் அடுக்கினால் சில கௌரிகள் ஒரு இடத்திலும் சில கௌரிகள் இன்னொரு இடத்திலும் நிற்கிறார்களாம், திரையில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறதாம்.

பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி இல்லை. முன்னால் கொம்பு, பின்னால் ளகரம், அவ்வளவுதான். யுனிகோடில் ௌ தனி எழுத்து. மாற்றிக்கு இரண்டில் எது என்று தெரியாது. சில மாற்றிகள் எல்லாவற்றையும் கெ, ள என்று பிரித்தே விடும். "கெளரி" என்று வரும், கண்ணுக்குக் கௌரி மாதிரியே இருக்கும். தேடினால் கிடைக்காது, அடுக்கினால் கெகரத்தில் போய் நிற்கும். ஔவையாரும் அப்படித்தான், ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து "ஒளவையார்" ஆகிவிடுவார்.

வேறு சில மாற்றிகள் எதிர்ப்பக்கம் போகும், கொம்பும் ளகரமும் கண்ட இடமெல்லாம் ௌ ஆக்கிவிடும். எங்கள் குளத்து மீன்களைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையில் கெளிறு முழுக்க "கௌிறு" ஆகி, ௌ மேல் ஒரு விசிறி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல கட்டுரை அது. வரால், கெளிறு, குறவை என்று வீட்டில் சொல்லும் பெயரில் எழுதியிருந்தாள்.

நான் செய்வது: மாற்றிய பிறகு கௌ, சௌ, பௌ, மௌ, வௌ, ஔ வரும் எல்லா இடத்தையும், அவற்றின் ளகர வடிவத்தையும் தேடி, ஒன்றொன்றாகப் பார்த்து மாற்றுவேன். மொத்தமாக மாற்றும் பொத்தானைத் தொடுவதில்லை. பெயர்ப் பட்டியல் என்றால் இன்னும் கவனம். ஒரு பிள்ளையின் பெயர் அச்சில் முதல் தடவை வருவது பாடசாலை மலரில்தான்.

பெப்ரவரி 25

படத்தின் தரத்துக்குத் திரும்பி வருகிறேன். நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் கடைக்கு வரும் வேலையில் பாதி கல்வெட்டு. வெளியூர்க்காரர்களுக்கு: கல்லில் வெட்டுவது இல்லை, 31 ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலரைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம். தேவாரம், வம்ச விபரம், நன்றி நவிலல், முன் பக்கத்தில் அவருடைய படம்.

அந்தப் படம் எங்கிருந்து வரும்? மற்ற ஊர்களில் அலுமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுப்பார்கள். வன்னியில் 2009 க்கு முந்திய ஆல்பம் வைத்திருக்கும் வீடு குறைவு. கிளிநொச்சியில் இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடியபோது ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொதி குறைந்தது. ஆகவே வருவது பழைய அடையாள அட்டையில் இருக்கும் சின்னப் படம். அல்லது கனடாவில் இருக்கும் தங்கை வைத்திருக்கும் கலியாணப் படத்தை அவருடைய மகள் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டு, அது மூன்று குழுவுக்குள் சுற்றி வந்து சேரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மாவின் கல்வெட்டு செய்தேன். மகன் வேர்ட் கோப்பில் படத்தை வைத்துக் கொண்டுவந்தார். நேரமில்லை, நாளைக்கு அந்தியேட்டி, அந்த 31 ஆம் நாள் கிரியை. நான் வேர்ட்டில் இருந்து கொப்பி பண்ணி ஒட்டினேன், முன் பக்கம் முழுக்க இழுத்தேன். திரையில் பரவாயில்லாமல் இருந்தது. அச்சில் முகம் கட்டம் கட்டமாக வந்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு நாள் அந்த வேர்ட் கோப்பைப் பொதியாகத் திறந்து பார்த்தேன். மீடியாவுக்குள் நல்ல படம் இருந்தது, நான் ஒட்டியதைவிட நாலு மடங்கு பெரியது. அவர் சரியான படத்தைத்தான் கொண்டுவந்து தந்திருக்கிறார். அதை உள்ளே எடுக்கத் தெரியாமல் போனது நான்.

ஆகவே ரீச்சர், அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள், பிளேஸ் வீண் வேலை இல்லை.

பெப்ரவரி 26

நேற்று எழுதியதைப் பார்த்து, வட்ஸ்அப் படம் என்றால் அச்சுக்கே உதவாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, கணக்குப் பார்க்க வேண்டும்.

சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி வரும். அங்குலத்துக்கு 300 பிக்சல் (பிபிஐ) என்று பார்த்தால் 13.5 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நன்றாக அச்சாகும். ஏ5 பக்கம் 21 சென்ரிமீற்றர், அதை முழுக்க நிரப்பினால் 193 க்கு இறங்கும். கொஞ்சம் மென்மையாக இருக்கும், கெட்டுப் போகாது. சிக்கல் வருவது கூட்டத்தில் இருந்து ஒரு முகத்தை வெட்டும்போது. அந்த முகம் 180 பிக்சல் அகலம் என்றால் 300 இல் ஒன்றரை சென்ரிமீற்றர்தான், முத்திரை அளவு.

இந்த எண்ணை லிங்க்ஸ் பட்டியலில் படத்தைத் தெரிவு செய்தாலே காட்டும். எஃபெக்டிவ் பிபிஐ என்று இருப்பதைத்தான் பார்க்க வேண்டும், அக்சுவல் என்று இருப்பதை அல்ல. 300 உள்ள படத்தை இரண்டு மடங்கு இழுத்தால் எஃபெக்டிவ் 150.

அனுப்புபவரிடம் "டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள்" என்று கேளுங்கள், சுருங்காமல் வரும். முல்லைத்தீவில் இருந்து எழுதியவர் சொன்னது சரி, 2023 இல் இருந்து எச்டி என்று ஒரு தெரிவும் இருக்கிறது. அது நல்லதுதான், டொக்கியுமென்ட் அதைவிட நல்லது. ஐபோனில் இருந்து வந்தால் எச்ஈஐசி என்ற வகைக் கோப்பாக இருக்கலாம். என்னிடம் இருக்கும் பழைய இன்டிசைன் அதை ஏற்கவில்லை, ஜேபெக் ஆக்கித்தான் எடுக்கிறேன்.

கையில் படம் இருந்தால் போனில் எடுக்க வேண்டாம், ஸ்கான் பண்ணுங்கள். பாஸ்போட் அளவுப் படம் 35க்கு 45 மில்லிமீற்றர். 600 இல் ஸ்கான் செய்தால் 827க்கு 1063 பிக்சல் கிடைக்கும், இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சிடலாம்.

மார்ச் 3

முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், மங்கிய படத்தைப் போட்டால் கண், பல், தோல் எல்லாம் பளிச்சென்று வருகிறதே, அதைப் பாவிக்கலாமே என்று.

நான் பாவித்தேன், ஒரு தடவை. ஒரு ஐயாவின் படம். வந்த முகம் அழகாக இருந்தது. அவருடைய மனைவி பார்த்துவிட்டு, "இது ஆர் தம்பி?" என்று கேட்டார்.

படத்தில் இல்லாத பிக்சலை அது எங்கிருந்தோ கொண்டுவந்து போடுகிறது. கண்ணுக்குக் கீழே இருந்த தழும்பு அதற்குத் தூசி மாதிரித் தெரிந்திருக்கும், எடுத்துவிட்டது. ஒரே ஒரு படம் மிஞ்சியிருக்கும் வீட்டில், பிள்ளைகள் இனிமேல் அந்த முகத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். மங்கலாக இருந்தாலும் அவருடைய முகம் இருக்கட்டும். படத்தைச் சின்னதாகப் போடுங்கள், சுற்றி வெள்ளை விடுங்கள். சின்னப் படம் பக்கத்தின் நடுவில் மரியாதையாகத்தான் இருக்கும்.

மார்ச் 10

பென்டிரைவ். இது எல்லோருக்கும் ஒரு நாள் நடக்கும்.

இன்டிசைன் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. எங்கே இருக்கிறது என்ற பாதையையும், பார்ப்பதற்கு ஒரு மங்கிய நகலையும்தான் வைத்திருக்கும். படத்தைப் பென்டிரைவில் இருந்தோ டவுன்லோட் கோப்புறையில் இருந்தோ நேரடியாக பிளேஸ் பண்ணிவிட்டு, இன்டிசைன் கோப்பை மட்டும் அச்சகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லாப் படத்திலும் சிவப்புக் கேள்விக்குறி நிற்கும். கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பினால் அந்த மங்கிய நகல்தான் அச்சாகும்.

எனக்கு நடந்தது ஒரு கோயில் மலர். யாழ்ப்பாணத்தில் அச்சு. பரந்தனில் பஸ் ஏறி, அங்கே போய் அவர்கள் கொம்பியூட்டரில் திறந்தால் 40 கேள்விக்குறி. படங்கள் எல்லாம் கடையில். திரும்பி வந்து, எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் சேர்த்து, அடுத்த நாள் மறுபடி போனேன். அதில் ஒரு நாள் போனது, திருவிழாவுக்கு முதல் நாள் இரவுதான் மலர் கோயிலுக்கு வந்தது.

இப்போது ஒரு வேலைக்கு ஒரு கோப்புறை. அதற்குள் "வந்தது" என்று ஒன்று, "பாவிப்பது" என்று ஒன்று. வந்தது என்பதற்குள் இருப்பதை ஒருபோதும் திருத்துவதில்லை, பெயர்கூட மாற்றுவதில்லை. பிரதி எடுத்து, பாவிப்பதில் வைத்து, அங்கிருந்துதான் பிளேஸ். முடிந்ததும் ஃபைல் பட்டியலில் பக்கேஜ் என்று கொடுத்தால் ஆவணம், படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். பிடிஎஃப் கொடுப்பதென்றாலும் அதற்கு முன் லிங்க்ஸ் பட்டியலில் கேள்விக்குறி இல்லையா என்று பாருங்கள். மஞ்சள் முக்கோணம் என்றால் படம் மாறியிருக்கிறது, புதுப்பிக்கச் சொல்கிறது.

"வந்தது" கோப்புறையை வேலை முடிந்தும் நான் அழிப்பதில்லை. ஒரு குடும்பம் மூன்று வருடம் கழித்து வந்து, போன் உடைந்துவிட்டது, அப்பாவின் படம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது.

மார்ச் 11

காசு கொடுத்து இன்டிசைன் எடுக்க முடியாதவர்களுக்கு என்ன வழி என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸ்கிரைபஸ் இலவசம். 1.5.3 பதிப்பில் இருந்து தமிழ் மாதிரி எழுத்துகளை ஒழுங்காக அடுக்குகிறது, 2024 ஜனவரி 1 இல் 1.6.0 வந்தது. பாடசாலை மலருக்குப் போதும். கோப்பைப் பெரிதாக்காமல் அத்தியாயம் அத்தியாயமாகச் செய்யுங்கள்.

இன்டிசைனுக்கு முந்திய பேஜ்மேக்கரை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள், எனக்கு விளங்குகிறது. நானும் சமாதான காலத்தில் கிளிநொச்சியில் அதில்தான் படித்தேன். 2001 இல் வந்த 7 தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு, யுனிகோட் தெரியாது. அதில் செய்தது எல்லாம் பாமினியாகவே கிடக்கும், இணையத்தில் போட முடியாது, தேட முடியாது. பழைய மலர்களை யாராவது அதில் வைத்திருந்தால், திறக்கக்கூடிய கொம்பியூட்டர் இருக்கும்போதே எழுத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

மார்ச் 24

கறுப்பு. ரீச்சர் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் பார்த்தேன்.

வேர்ட்டில் யாராவது எழுத்துக்குக் கையால் கறுப்பு நிறம் கொடுத்திருந்தால் அது திரைக்கான கறுப்பாக உள்ளே வரும். நிறப் பட்டியலில் வேர்ட் என்று தொடங்கும் பெயரில் புதிதாக ஒன்று நிற்கும். நாலு நிற அச்சுக்குப் போகும்போது அது நாலு மையாகவும் பிரியும். அச்சுப் பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும், புள்ளிகள் அடைபடும். அந்த நிறத்தை அழியுங்கள், பதிலுக்கு எது என்று கேட்கும், இன்டிசைனின் சொந்தக் கறுப்பைக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை. 2022 இல் காகிதத் தட்டுப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) திரும்ப அடிப்பது என்றால் என்ன என்று தெரியும்.

ஏப்ரல் 7

ரீச்சர் நேற்று முழுக் கோப்புறையையும் அனுப்பியிருந்தார். 63 படம், ஒரு கேள்விக்குறியும் இல்லை. கௌரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். 41 ஆம் பக்கத்தில் கெளிறு சரியாக இருக்கிறது.

ஒன்று மட்டும். 3 ஆம் பக்கத்தில் பழைய பாடசாலைக் கட்டடத்தின் படம் எஃபெக்டிவ் பிபிஐ 140 இல் நிற்கிறது. அது ஒன்றுதான் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அகலத்தைப் பாதியாக்குங்கள், 280 ஆகிவிடும். கீழே வரும் இடத்தில், படத்தைத் தந்த பழைய மாணவர் முற்றத்து மரத்தைப் பற்றி வேர்ட் கோப்பின் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாரே, அதைப் போடுங்கள். உங்கள் பக்கத்தில் அது விடுபட்டிருக்கிறது.